நெஞ்சின் அனல் சத்தியத்திற்குச் சாட்சியாகுமா?

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 17:10-12, 1 யோவான் 4:1-6



கடல் கடந்து இங்கிலாந்திலும் கனடாவிலும் குடியேறியிருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் போதகர்களிடம் அவ்வப்போது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வெள்ளைச் சட்டையும் டையும் அணிந்த இரண்டு வாலிபர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அதில் இயேசு கிறிஸ்துவின் நாமம் எழுதியிருந்தது. மரியாதையாகப் பேசினார்கள், ஜெபித்தார்கள், ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஐயா, இவர்களும் நம்மைப் போன்ற கிறிஸ்தவர்கள்தானே?"

இக்கேள்விக்குச் சுலபமான பதில்கள் இரண்டு நம்மிடையே வழங்குகின்றன. "கள்ள உபதேசக்காரர்கள், கதவைச் சாத்திவிடு" என்பது ஒன்று. "யாராயிருந்தால் என்ன, இயேசுவைத்தானே சொல்கிறார்கள்" என்பது மற்றொன்று. முந்தியதில் அன்பில்லை, பிந்தியதில் சத்தியமில்லை. இரண்டையும் பிரிக்காமல் பேசும்படி எபேசு சபைக்குப் பவுல் எழுதினார். ஆகையால் தீர்ப்புச் சொல்லுமுன் அந்த வாலிபர் யார், அவர் எப்படி வாழ்கிறார், எதைச் சொல்லும்படி அனுப்பப்பட்டிருக்கிறார் என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

அவர் சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் தொடங்கப்பட்டது. இன்று யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்டது. 'மார்மன்' என்னும் பெயரைத் தவிர்க்கும்படி அதன் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018-இல் கேட்டுக்கொண்டார். வாசகருக்குப் பழகிய சொல் என்பதற்காகவே நான் அதை வழங்குகிறேன்; இகழ்ச்சிக்காக அன்று.

ஒரு வாரம், லங்காஷயரில்

இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் பகுதியில் பிரெஸ்டன் என்னும் நகரம் இருக்கிறது. மார்மன் மிஷனரிகள் அமெரிக்கக் கண்டத்தை விட்டுக் கடல் கடந்து முதன்முதலாக ஊழியம் தொடங்கிய ஊர் அது. அருகிலுள்ள சோர்லியில் 1998-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அவர்களது ஆலயமும், அதே வளாகத்தில் மிஷனரிப் பயிற்சி மையமும் உள்ளன. அங்கே அனுப்பப்பட்ட ஓர் அமெரிக்க வாலிபரை மனக்கண்முன் நிறுத்துங்கள். வயது 18 அல்லது 19. ஆண்களுக்கான குறைந்தபட்ச வயதை 2012-இல்தான் 19-இலிருந்து 18-ஆகக் குறைத்தார்கள். அவருடைய ஊழியம் 24 மாதங்கள். வாலிபப் பெண்களுக்கு 18 மாதங்கள். சம்பளம் கிடையாது. மாறாக அவரோ அவர் குடும்பமோ மாதந்தோறும் பணம் கட்டவேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து செல்வோருக்கு அத்தொகை 400 டாலராக இருந்து, 2020-இல் 500 டாலராயிற்று. எந்த நாட்டுக்குப் போவது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் அவருக்கில்லை. தலைமையிடம் குறிக்கிறது, அவர் போகிறார்.

திங்கட்கிழமை பெரும்பாலும் அவருக்கு ஆயத்த நாள். துணி துவைக்கிறார், கடைக்குப் போகிறார், மிஷன் தலைவருக்கு வாராந்தரக் கடிதம் எழுதுகிறார், வீட்டாரோடு பேசுகிறார். 2019 பிப்ரவரிக்கு முன்பு தொலைபேசி அழைப்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே. இப்போது வாரந்தோறும் பேசலாம். மாலையானதும் விடுப்பு முடிகிறது.

செவ்வாய்க்கிழமை முதல் சனிக்கிழமை வரை காலை 6:30 மணி வாக்கில் எழுகிறார். உடற்பயிற்சி, ஜெபம், தனிப் படிப்பு, உடன் ஊழியரோடு சேர்ந்து படிப்பு. பின்பு தெருவுக்கு இறங்குகிறார். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரிடம் பேசுகிறார். மழையில் நனைந்துகொண்டே கதவுகளைத் தட்டுகிறார். வயதானவர்களின் தோட்டத்தைச் சுத்தம் செய்துகொடுக்கிறார். இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு அறைக்குத் திரும்பி, 10:30-க்குப் படுக்கிறார். தேநீர் கிடையாது, காப்பி கிடையாது, மது கிடையாது, காதல் பேச்சு கிடையாது. உடன் ஊழியரை விட்டுத் தனியே எங்கும் போகலாகாது. அந்த உடன் ஊழியரையும் அவர் தெரிந்துகொள்வதில்லை. ஏறத்தாழ ஆறு வாரத்திற்கு ஒருமுறை வரும் இடமாற்ற அறிவிப்பு எல்லாவற்றையும் மாற்றக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பமும் தண்ணீரும் பரிமாறப்படும் ஆராதனை. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச நாள். அன்று சபையார் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்லுகிறார்கள். அந்தச் சாட்சியின் வடிவம் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே: இந்தச் சபை உண்மையானது என்று அறிவேன், ஜோசப் ஸ்மித் தீர்க்கதரிசி என்று அறிவேன், மார்மன் புத்தகம் உண்மை என்று அறிவேன்.

பிரியமானவர்களே, இந்த வாரத்தில் பரிகசிப்பதற்கு ஒன்றுமில்லை. 19 வயதில் தன் படிப்பையும் சிநேகத்தையும் ஒதுக்கிவைத்து, சொந்தப் பணத்தில், அந்நியரின் வாசலில் அவமானம் அடைய ஒப்புக்கொடுத்த வாலிபரைக் கேலி செய்கிறவன் தன்னைத்தானே கேலி செய்கிறான். ஆனால் இங்கேதான் நம்மில் அநேகர் தடுமாறுகிறார்கள். "இவ்வளவு தியாகம் செய்கிறவர்கள் பொய்யையா சொல்வார்கள்?" என்று கேட்கிறார்கள். பவுல் தம் இனத்தாரைக் குறித்து ரோமர் 10-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் சொன்னதை நினைவுகூருங்கள். அவர்களுடைய வைராக்கியத்தை அவர் மறுக்கவில்லை. அதற்குச் சாட்சியே கொடுத்தார். அது அறிவைப் பின்பற்றாத வைராக்கியம் என்பதே அவருடைய துக்கம். ஒழுக்கம் ஒருவருடைய உண்மைமனதைக் காட்டலாம். அவர் சொல்லும் உபதேசம் மெய்யா என்பதைக் காட்டாது.

ஒரே சொல், வேறு பொருள்

முதல் பாடத்தில் அவர் கொண்டுவரும் செய்திக்கு 'மீட்டமைப்பு' என்று பேர். அப்போஸ்தலரின் காலத்திற்குப்பின் திருச்சபை வீழ்ந்துபோயிற்று. அதிகாரம் பூமியிலிருந்து எடுபட்டது. 1820-இல் ஜோசப் ஸ்மித் என்னும் சிறுவனுக்குப் பிதாவும் குமாரனும் தரிசனமாகி, எந்தச் சபையிலும் சேரவேண்டாம், எல்லாம் தவறு, அவற்றின் விசுவாசப் பிரமாணங்கள் அருவருப்பானவை என்று அறிவித்தார்கள். இது எதிரிகள் கட்டிய கதையன்று. அவர்களுடைய வேதத் தொகுப்பிலேயே அச்சாகியிருக்கும் ஸ்மித்தின் சொந்த வரலாறு. "நாங்களும் உங்களைப் போலக் கிறிஸ்தவர்களே" என்று வாசலில் சிரித்த முகத்தோடு சொல்லும் வாலிபர் தம் பையில் சுமக்கும் வரலாறு, ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தைத் தேவனுக்கு அருவருப்பென்று சொல்கிறது. அவ்வரலாறு மெய்யானால் நாம் மனந்திரும்பவேண்டும். மெய்யல்லவென்றால் அவர் மனந்திரும்பவேண்டும். நடுவே சமரசத்துக்கு இடமில்லை.

அவரும் பிதா என்கிறார். ஆனால் 'உபதேசமும் உடன்படிக்கைகளும்' என்னும் அவர்களுடைய நூலின் 130-ஆம் பகுதி, பிதாவுக்கு மாம்சமும் எலும்புமான சரீரம் உண்டென்று போதிக்கிறது. தேவன் ஒருகாலத்தில் மனிதனைப்போல இருந்து உயர்ந்தவர் என்று ஸ்மித் 1844 ஏப்ரலில் நாவூ நகரில் பிரசங்கித்தார். அவரும் குமாரன் என்கிறார். ஆனால் அந்தக் குமாரன் பரலோகப் பெற்றோரின் ஆவிக்குரிய பிள்ளைகளில் மூத்தவர், பிதாவினின்று வேறான ஒரு தேவன். அவரும் கிருபை என்கிறார். ஆனால் நம்மாலான அனைத்தையும் செய்து முடித்தபின் வந்து இரட்சிக்கும் கிருபை என்று மார்மன் புத்தகம் விளக்குகிறது. பரலோகத்தின் உன்னத மகிமைக்கோ ஆலயத்தில் நடைபெறும் உடன்படிக்கைச் சடங்குகள் இன்றியமையாதவை. இதனால்தான் பல சபைகள், மார்மன் ஞானஸ்நானத்தில் பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்னும் நாமங்கள் உச்சரிக்கப்பட்டும், அதைக் கிறிஸ்தவ ஞானஸ்நானமாக ஏற்பதில்லை. ரோமச் சபை 2001-இல் அப்படியே தீர்மானித்தது. சொல் ஒன்றாயிருந்தும் அது குறிக்கும் தேவன் வேறென்பதே காரணம்.

இவையனைத்தும் பேசித் தெளியவேண்டிய விஷயங்கள். வேதவசனத்தைத் திறந்துவைத்து மாலை முழுதும் விவாதிக்கலாம். ஆனால் விவாதத்தின் உச்சியில் அந்த வாலிபர் வழக்கை வேறொரு நீதிமன்றத்துக்கு மாற்றிவிடுகிறார். நான் இன்று எழுதுவதன் முழுக் கருத்தும் அதைக் குறித்ததே.

வழக்கு மாற்றப்படும் நீதிமன்றம்

மார்மன் புத்தகத்தின் கடைசிப் பகுதியான மரோனியின் 10-ஆம் அதிகாரத்தை அவர் திறக்கிறார். வாசியுங்கள், உண்மையான இருதயத்தோடு தேவனைக் கேளுங்கள், பரிசுத்த ஆவியானவர் உங்களுக்கு வெளிப்படுத்துவார் என்பது அதன் சாரம். அந்த வெளிப்பாடு எப்படி வரும்? சமாதானமாக, மென்மையாக, நெஞ்சில் ஓர் அனலாக. 1829-இல் ஆலிவர் கௌடரிக்கு அருளப்பட்டதாகச் சொல்லப்படும் வாக்கிலும் இதே நெஞ்செரிதல் அடையாளமாகக் கூறப்பட்டுள்ளது. ஆகவே அவர் கேட்கும் கடைசிக் கேள்வி, "இது வேதத்திற்கு ஒத்திருக்கிறதா?" என்பதன்று. "இதை வாசித்தபோது எப்படி உணர்ந்தீர்கள்?" என்பதே. ஏதோ நெகிழ்ச்சி இருந்தது என்று நீங்கள் சொன்னால், "அதுதான் பரிசுத்த ஆவியானவர்" என்பார்.

இந்தச் சோதனையைச் சற்றே சோதித்துப் பாருங்கள். அனல் உண்டானால் புத்தகம் உண்மை. அனல் உண்டாகாவிட்டால்? உங்கள் இருதயம் போதிய உண்மையோடு கேட்கவில்லை, மறுபடியும் ஜெபியுங்கள். எந்தப் பதில் வந்தாலும் புத்தகம் தோற்பதில்லை, கேட்டவர்தான் தோற்கிறார். தோற்கவே முடியாத ஒரு பரீட்சை பரீட்சையாகுமா?

அடுத்து, 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறைச்சாலையில் ஸ்மித் கொல்லப்பட்டபின் அவர்களுக்குள் நடந்ததைக் கவனியுங்கள். பெரும்பகுதியினர் பிரிகாம் யங்கைப் பின்பற்றி யூட்டாவுக்குப் போனார்கள். ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவரைச் சிலர் பின்பற்றினார்கள். இன்னொரு கூட்டத்தார் 1860-இல் ஸ்மித்தின் மகனைத் தலைவராக ஏற்றுத் தனிச் சபையானார்கள். எல்லாரிடத்திலும் ஒரே மார்மன் புத்தகம்; ஒரே மரோனியின் வாக்குறுதி; எல்லாருமே ஜெபித்தவர்கள். ஆயினும் ஒருவர் கூட்டத்தை மற்றவர் வழிவிலகியதென்றே எண்ணினர். ஒரே தராசு ஒரே பொருளுக்கு மூன்று எடை காட்டினால் வியாபாரி தராசை அல்லவா சந்தேகிப்பான்?

மேலும், அனலால் தீர்க்கக்கூடாத கேள்விகள் உண்டு. 1835-இல் ஸ்மித்தின் கைக்கு வந்த எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 'ஆபிரகாமின் புத்தகம்' மொழிபெயர்க்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவற்றில் சில துண்டுகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1967-இல் அச்சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. எகிப்திய மொழி அறிஞர்கள் வாசித்தார்கள். அவை மரித்தோருக்கான சவ அடக்க நூல்கள். எஞ்சிய துண்டுகளின் எழுத்து அப்புத்தகத்தோடு பொருந்தவில்லை என்பதை அச்சபையே 2014-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒப்புக்கொண்டு, அதற்கு வேறு விளக்கங்களைத் தேடுகிறது. எகிப்திய எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எகிப்திய எழுத்தை வாசித்தே அறியவேண்டும். நெஞ்சம் எவ்வளவு எரிந்தாலும் அந்தச் சுருளில் ஓர் எழுத்தும் மாறாது.

இந்தத் தராசு முதலில் அந்த வாலிபரின் மேலேயே பிரயோகிக்கப்பட்டது என்பதையும் மறவாதிருங்கள். அவர்களின் அப்போஸ்தலர்களில் ஒருவராகிய பாய்ட் பேக்கர், சாட்சியைச் சொல்வதிலேதான் சாட்சி கிடைக்கிறது என்று போதித்தார். அதாவது, இன்னும் அறியாதவன் "அறிவேன்" என்று சொல்லத் தொடங்கவேண்டும். சொல்லச் சொல்ல அறிவான். 24 மாதங்கள், நாள்தோறும் பல வாசல்களில், உடன் ஊழியர் கேட்டுக்கொண்டிருக்கையில் அவர் அதைச் சொல்கிறார். ஐயம் எழும் இரவில் அதை யாரிடம் சொல்வார்? தாய் தகப்பன் காத்திருக்கிறார்கள்; பாதியில் திரும்புகிறவனைச் சொந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்பதும் அவருக்குத் தெரியும். நாம் வாசலில் சந்திப்பது ஒரு வேட்டைக்காரனை மட்டுமன்று. வலைக்குள் நிற்கும் ஒருவனையும்தான்.

1837-இன் ஒரு வாரம்

இப்போது அதே பிரெஸ்டன் நகரத்தின் பழைய வாரம் ஒன்றுக்குத் திரும்புவோம். 1837 ஜூலையில் ஹீபர் கிம்பல், ஆர்சன் ஹைட், வில்லர்ட் ரிச்சர்ட்ஸ் முதலான எழுவர் லிவர்பூலில் வந்திறங்கிப் பிரெஸ்டனை அடைந்தார்கள். அவர்களில் ஜோசப் பீல்டிங் என்பவரும் இருந்தார். அவருடைய சகோதரர் ஜேம்ஸ் பீல்டிங் அந்நகரின் வாக்ஸ்ஹால் சிற்றாலயத்தில் போதகர். கனடாவிலிருந்து தம்மவர் எழுதிய கடிதங்களை அப்போதகர் தம் சபையாருக்கு ஏற்கெனவே வாசித்துக் காட்டியிருந்தார். அவர்களும் ஜெபத்தோடு எதிர்பார்த்திருந்தார்கள். ஜூலை 23, ஞாயிறு. போதகர் தம் பிரசங்கபீடத்தை விருந்தினருக்குத் திறந்துவிட்டார். அடுத்த ஞாயிறு, ஜூலை 30. ரிபிள் ஆற்றங்கரையில் ஒன்பது பேர் மார்மன் ஞானஸ்நானம் பெற்றார்கள். முதலாவது இறங்குவது யார் என்று இருவர் ஓட்டப்பந்தயமே ஓடினார்கள். போதகர் பீல்டிங் பதறிக் கதவை அடைத்தார். அதற்குள் மந்தை வெளியே போய்க்கொண்டிருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1840 மார்ச்சில், வில்ஃபர்ட் வுட்ரஃப் ஹெரிஃபோர்ட்ஷயரில் ஜான் பென்போ என்பவரின் பண்ணைக்கு வந்தார். அங்கே மெதடிஸ்டு இயக்கத்திலிருந்து பிரிந்த 'ஐக்கிய சகோதரர்' என்னும் கூட்டத்தார் ஏறத்தாழ 600 பேர் இருந்தனர். ஜெபத்திலும் தாகத்திலும் சிறந்தவர்கள். வுட்ரஃப் பிற்பாடு சொன்னபடி, ஒரே ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். 1850 வாக்கில் யூட்டாவில் இருந்த மார்மன்களைவிடப் பிரிட்டனில் இருந்தோர் அதிகம்.

இவர்கள் பேர்க்கிறிஸ்தவர்களாய் இருந்ததால் போனார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதிருப்போம். தூங்கின சபைகள் அல்ல, எழும்பின சபைகளே போயின. அவர்களுக்கு ஜெபம் இருந்தது, தாகம் இருந்தது, எதிர்பார்ப்பு இருந்தது. முதல் பிரசங்கத்துக்கும் ஆற்றுக்கும் இடையே ஏழே நாட்கள். தேவனுடைய தன்மையையும் திருச்சபையின் பதினெட்டு நூற்றாண்டுகளையும் புதிய வேதபுத்தகம் ஒன்றின் உரிமைக்கோரலையும் ஏழு நாளில் நிதானித்து முடித்தவர் யார்? "பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் அன்றைக்கே ஞானஸ்நானம் பெறவில்லையா?" எனலாம். பெற்றார்கள். அன்று பேதுரு புதிய தேவனை அறிவிக்கவில்லை. யோவேலையும் தாவீதின் சங்கீதங்களையும் எடுத்து, அவற்றைப் பிள்ளைப்பிராயமுதல் அறிந்தவர்களுக்கு, இவை நிறைவேறின என்று காட்டினார். பெரோயா பட்டணத்தாரோ அப்போஸ்தலனாகிய பவுலையே அப்படியே நம்பிவிடவில்லை. நாள்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டார்கள். அதற்காகவே லூக்கா அவர்களை மெச்சுகிறார்.

எம்மாவூரின் அனல்

"எம்மாவூருக்குப் போன சீஷரின் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா?" என்று அந்த வாலிபர் கேட்பார். நல்ல கேள்வி. லூக்கா 24-ஐ முழுவதும் வாசியுங்கள். அவர்கள் இருதயம் எரிந்தது எப்பொழுது? உயிர்த்த ஆண்டவர் மோசேமுதல் தீர்க்கதரிசிகள் எல்லாரும் எழுதியவற்றை விவரித்துக் காண்பித்தபொழுது. வேதம் விளக்கப்பட்டது, ஆதலால் இருதயம் எரிந்தது. இருதயம் எரிந்ததால் வேதம் உண்மையாகிவிடவில்லை. 1738-இல் லண்டனின் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஜான் வெஸ்லியின் இருதயம் அனல்கொண்டதும் அவ்வாறே: ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படுகையில், கிறிஸ்து ஒருவரையே நம்பி இளைப்பாறியபோது. ஆவியானவர் நம் ஆவியோடு சாட்சி கொடுக்கிறார் என்பதை நான் முழுமனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த ஆவியானவர் தாம் ஏவி எழுதுவித்த வசனத்திற்கு எதிராகச் சாட்சி சொல்வதில்லை. எல்லா ஆவிகளையும் நம்பவேண்டாம், சோதியுங்கள் என்று யோவான் எழுதியபோது, சோதிக்கும் அளவுகோலையும் கூடவே கொடுத்தார். மாம்சத்தில் வந்த இயேசு கிறிஸ்துவைக் குறித்த அறிக்கையே அந்த அளவுகோல். சோதிக்கிறவரின் நெகிழ்ச்சி அங்கே பேச்சில் வரவில்லை. உபாகமம் 13-ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. அடையாளம் பலித்தாலும், அதைச் சொன்னவன் வேறே தேவனிடத்திற்கு அழைத்தால் அவனுக்குச் செவிகொடாதே என்கிறது.

நம் பிரசங்கபீடங்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரை வாசித்துத் தலையசைத்தவர்களே, இனி வருவதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வாலிபர் நம் பிள்ளைகளிடம் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவேண்டியதில்லை. "எப்படி உணர்ந்தீர்கள்?" என்னும் கேள்வியை நாமே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

நம் கூட்டங்களைப் பாருங்கள். விளக்கைக் குறைத்து, கீபோர்டில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்து, "இப்போது அவருடைய பிரசன்னத்தை உணர்கிறீர்களா?" என்று கேட்கிறோம். பாட்டில் கண்ணீர் வந்தால் ஆராதனை நன்றாயிருந்தது, வராவிட்டால் வறட்சி. பிரசங்கியார் சொன்னது வேதத்தில் இருக்கிறதா என்று ஒரு வாலிபன் கேட்டால், "மூளையால் ஆராயாதே, ஆவியில் பெற்றுக்கொள்" என்று வாயடைக்கிறோம். நோயாளிக்குச் சுகம் கிடைக்காவிட்டால் உன் விசுவாசம் குறைவு என்கிறோம். இது மரோனியின் வாக்குறுதியின் அதே கணக்கல்லவா? பிரசங்கி தோற்பதில்லை, கேட்டவர்தான் தோற்கிறார். "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று ஒருவர் மேடையில் சொன்னால் எந்த வசனத்தின்படி என்று கேட்க நம்மிடையே துணிவில்லை. இத்தகைய மந்தை பிரெஸ்டனிலோ டொராண்டோவிலோ குடியேறினால், கதவு தட்டப்படுமுன்னமே தாழ்ப்பாள் நீக்கப்பட்டிருக்கிறது.

ஒரு காலத்தில் நம் ஊர்ச் சபைகளில் ஞானோபதேச வினாவிடையை மனப்பாடம் செய்யாமல் திடப்படுத்தல் ஆராதனைக்கு ஒருவரும் நிறுத்தப்படவில்லை. தேவன் எத்தன்மையுள்ளவர்? ஆவியாயிருக்கிறார். எத்தனை தேவன் உண்டு? ஒருவரே. வயல் வேலைக்குப் போகும் பாட்டியும் அந்தப் பதிலை அறிந்திருந்தாள். இன்று பட்டம் பெற்ற அவளுடைய பேரனிடம் திரியேக தேவனைக் குறித்துக் கேளுங்கள். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று, பழைய திருச்சபை தள்ளிவிட்ட ஒரு உவமையைச் சொல்லி நிறுத்திக்கொள்வான். "அது சும்மா மனப்பாடம், உயிரில்லை" என்று அந்த வினாவிடையைக் கைவிட்டோம். எலும்பில்லாத சரீரம் உயிரோடிருந்தாலும் எழுந்து நிற்குமா?

கதவு தட்டப்படும்போது

ஆகவே வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. கதவைத் திறவுங்கள். குளிரில் நிற்பவருக்கு உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள். தேநீர் வேண்டாம், அவர் குடிக்கமாட்டார். அவருடைய தாயாரைப் பற்றி விசாரியுங்கள். அவர் பிரசங்கத்தைக் கேட்டபின், உங்கள் வேதாகமத்தைத் திறந்து ஏசாயா 43-ஆம் அதிகாரத்தின் 10-ஆம் வசனத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். தமக்கு முன் ஒரு தேவன் உண்டானதுமில்லை, தமக்குப்பின் உண்டாவதுமில்லை என்று கர்த்தர் அங்கே அறிவிக்கிறார். அப்படியானால் ஒருகாலத்தில் மனிதனைப்போல இருந்து உயர்ந்த தேவன் எப்படி என்று கேளுங்கள். கலாத்தியர் முதலாம் அதிகாரத்தில், வானத்திலிருந்து வந்த தூதனே ஆனாலும் வேறொரு சுவிசேஷத்தை ஏற்கலாகாது என்று பவுல் எச்சரித்ததைக் காட்டுங்கள். அவர் தம் அனுபவத்துக்குத் திரும்பினால், "உங்கள் உணர்வை நான் மறுக்கவில்லை, தம்பி, அது உங்களை எந்தத் தேவனிடம் சேர்க்கிறது என்பதே என் கேள்வி" என்று சாந்தமாய்ச் சொல்லுங்கள். பரிகாசம் வேண்டாம், அவர் பரிகாசத்தைத் தாங்கப் பயிற்றுவிக்கப்பட்டவர். பொறுமையோடு வைக்கப்பட்ட ஒரு வசனம் அவர் உள்ளத்தில் பல ஆண்டுகள் தங்கக்கூடும்.

அப்படிப் பேச உங்களால் இயலாவிட்டால், குற்றம் உங்களுடையது மட்டுமன்று; உங்களுக்குப் போதிக்கக் கடமைப்பட்ட எங்களுடையதும்கூட. போதகச் சகோதரரே, அடுத்த எழுப்புதல் கூட்டத்திற்குச் செலவழிக்கும் பணத்திலும் நாட்களிலும் பாதியை, நம் வாலிபருக்கு விசுவாசப் பிரமாணத்தை வரி வரியாகக் கற்பிக்கச் செலவழிப்போம். லங்காஷயரின் மழையில் ஒரு வாலிபர் தினந்தோறும் காலையில் எழுந்து, மெய்யல்லாத ஒன்றைக் கருத்தாய்ப் படிக்கிறார். மெய்யானதைக் கையில் வைத்திருக்கும் நாம் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது அதைப் படிப்பிக்க மாட்டோமா?

ஜெபம்: சத்தியமுள்ள தேவனே, எங்கள் இருதயத்தை அனல்மூட்டும், ஆனால் உமது வசனத்தினால் மூட்டும். கதவைத் தட்டுகிற அந்த வாலிபரையும் கதவைத் திறக்கிற எங்கள் பிள்ளைகளையும் உமது ஒரே பேறான குமாரனை அறிகிற அறிவில் சேர்த்தருளும். ஆமென்.